அளவிக்குள் நின்ற துளிகள்

உதயகலாவுக்கு ஓரிடத்தில் சும்மா இருக்கத் தெரியாது. உடுப்பிட்டிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பதினேழு வருடங்களாக ஆய்வுகூட உதவியாளர். கழுவிய கண்ணாடி முகவையையே திரும்பக் கழுவுவார். அடுக்கிய போத்தல்களைக் கலைத்து மறுபடி அடுக்குவார். சண்டைக்காலத்தில் உயர்தர இரசாயனவியலை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் சித்தியடையாதவர். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள், புதிதாக வந்த யதுசன் ஆசிரியர் பிள்ளைகளுக்கு நியமிப்புப் பரிசோதனை செய்து காட்டினார். அளவி என்ற நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கணக்கு வந்தது. "அமிலம் பழுது போலை," என்றார்.

கதவடியில் நின்ற உதயகலா அளவியையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதா, விடுவதா என்று யோசிக்குமுன் வாய் முந்திவிட்டது.

"சேர், அமிலம் பிழையில்லை. அளவிக்குள்ளை பாருங்கோ, துளி துளியாய் ஒட்டி நிக்குது. அடியிலை திறந்து பூட்டுற திருகியிலை பூசின கிறீஸ் உள்ளை ஏறியிட்டுது."

"அதாலை என்னக்கா?"

"சுத்தமான கண்ணாடி தண்ணி மூலக்கூறுகளைத் தன்ரை பக்கம் இழுக்கும். தண்ணி மெல்லிசாய்ப் பரவி வடிஞ்சிடும். கிறீஸுக்கு அந்தக் கவர்ச்சி இல்லை. அப்ப தண்ணி தன்னைத்தானே இழுத்து உருண்டு நிண்டிடும். கீழை விழுற அளவு குறையும்."

கடைசி வாங்கிலிருந்து யாரோ சிரித்தார்கள். உதயகலா விறுவிறுவென்று வெளியேறி, கூட்டிய விறாந்தையையே இரண்டாந்தரமும் கூட்டினார்.

அரைமணி கழித்து யதுசன் தேடி வந்தார். "கழுவிப்போட்டுச் செய்தன், சரிவருது. எங்கை அக்கா படிச்சனீங்கள்?"

"படிச்சனான் சேர். பாஸ் பண்ணேல்லை."

சொன்ன பிறகு அந்த வார்த்தை அவரை விடவில்லை. சோறு வடிக்கும்போதும் பஸ்ஸிலும் அதுவே அரித்தது. மூன்றாம் வாரம் பரீட்சை விண்ணப்பப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"நாப்பத்தஞ்சு வயசிலை சோதினையோ?" என்றார் கணவர் சுதாகரன்.

"ஓம்."

தன் மகனைவிட இளைய பிள்ளைகளுக்கு நடுவே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக இருந்து எழுதினார். நடுவில் இரண்டு தரம் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடவில்லை.

பெறுபேறு வந்தது: இரசாயனவியலில் சி, திறமைச் சித்தி. சுதாகரன் வெங்காயத் தோட்டத்திலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்து கைபேசியைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது.

"இனியாவது கொஞ்சம் ஆறுதலாய் இரும்," என்றார்.

உதயகலா கதிரையில் இருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எழுந்துவிட்டார்.

"பௌதிகவியலும் எழுதக் கிடக்கெல்லோ," என்றார்.