கக்கூஸ் குழியில் வந்த இல்லம்

எங்களுக்குக் காணி கிடைத்தபோது நான் ஆண்டு ஐந்தில் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் குடும்பம். கிழட்டு மரங்களை வெட்டியெடுத்துவிட்டுச் சும்மா போட்டிருந்த மலைச்சரிவில், வீடு கட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம் என்று அளந்து விட்டிருந்தார்கள். காணி என்று பெயரே தவிர, நாங்கள் போய் நின்றபோது அங்கே நிலம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்பாவின் தலைக்கு மேலே மானாப்புல் வளர்ந்து கிடந்தது. சர்வேக்காரர்கள் அடித்துவிட்டுப் போன நான்கு சிவப்புக் கட்டைகளைக் கண்டுபிடிக்கவே அரைநாள் ஆனது. அதற்குள் அட்டைகள் எங்கள் மூவரின் கால்களையும் கண்டுபிடித்துவிட்டன.

அம்மா காலையில் ரப்பர்ப் பால் வெட்டிக் கொடுத்துவிட்டு, மத்தியானம் கத்தியோடு காணிக்கு வந்துவிடுவாள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் ஓடுவேன். தினமும் உலகம் கொஞ்சம் பெரிதாகியிருக்கும். நேற்று புல்லாக இருந்த இடத்தில் இன்று யானை படுத்திருப்பதுபோல ஒரு பாறை இருக்கும். ஒருநாள் கீழ்க்கோடிப் புதரை வெட்டிச் சாய்த்ததும், அதற்குப் பின்னால் ஓர் ஓடை வெயிலில் மின்னிக்கொண்டு ஓடியது. அதை அம்மாதான் அப்போது உண்டாக்கினாள் என்றே நம்பினேன்.

புல் ஒழிந்ததும் அத்திவாரத்துக்கு நல்ல நாள் பார்க்க வேண்டும் என்று அப்பா சொன்னார். அம்மா கேட்கவில்லை.

"வீடு பொறகு. மொதல்ல கக்கூஸ் குழி."

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பத்துக் குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ். விடியமுன் வாளியோடு வரிசையில் நின்றே வளர்ந்தவள் அவள். ஆகவே எங்கள் சொந்த நிலத்தில் நல்ல நேரமெல்லாம் பார்க்காமல் கக்கூஸ் குழிதான் முதலில் இறங்கியது.

மூன்றாம் நாள், குழி அப்பாவின் கழுத்தளவு வந்தபோது, மண்ணில் குத்திய அலவாங்கின் சத்தம் மாறியது. சிவப்பு மண் முடிந்து சாம்பல் நிறத்தில் சரளைக்கல் வந்தது. உருண்டை உருண்டையான கற்கள். இடுக்கெல்லாம் தண்ணீர் கசிந்தது. உதவிக்கு வந்திருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, பெல்மதுளைப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவர். அவர் ஒரு பிடி சரளையை அள்ளிப் பார்த்தார். பிறகு சத்தத்தைத் தணித்துச் சொன்னார்.

"அக்கா, இது இல்லம்."

எங்கள் தமிழ்ப் புத்தகத்தில் இல்லம் என்றால் வீடு. மண்ணுக்கு அடியில் யாரோ எங்களுக்காக வீடு கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். மாணிக்கம் கிடக்கும் சரளைக்கு மாணிக்கக் குழிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது என்று பிறகுதான் தெரிந்தது.

மாமா ஒரு கூடை சரளையை ஓடைக்கு எடுத்துப்போனார். இடுப்பளவு தண்ணீரில் நின்று கூடையைச் சுழற்றச் சுழற்ற, கலங்கல் போய்க் கற்கள் கழுவி எடுத்த கண்கள்போல விழித்தன. அதில் ஒன்றைப் பொறுக்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். மிளகு அளவுதான் இருந்தது. ஆனால் அதன் உள்ளே ஒரு நீலம் அசைந்தது. அத்தனை நாளும் அந்த நீலத்தின் மேலேதான் நடந்துகொண்டிருந்தோமா?

"பெறுமதியா மாமா?" என்றேன்.

"இது துண்டு. ஆனா இது இருந்தா பெரிசும் இருக்கலாம்" என்றார். அப்பாவின் கண்களும் அந்தக் கல்லைப்போலவே ஆகிவிட்டன.

அம்மா மட்டும் கல்லைப் பார்க்கவில்லை. "மண்ணுக்குக் கீழ கெடக்குறது யாருக்குடா சொந்தம்?"

"அரசாங்கத்துக்குக்கா. லைசன் எடுக்கணும். நமக்கு எங்க குடுப்பாங்க? காசுள்ளவன் எடுப்பான். பம்பு வரும், மெஷின் வரும். பொறகு இந்த மலை மலையா இருக்காது."

"நாங்க?"

மாமா கல்லை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். காணியின் உறுதிப்பத்திரம்கூட இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. காணி தந்திருப்பதாக ஒரு கடிதம்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேல்பாதையில் கிராமத்து ஆள் ஒருவர் நின்று, "மொகத ஹாரன்னே?" என்று சிங்களத்தில் கேட்டார். என்ன தோண்டுகிறீர்கள் என்று அர்த்தம். அப்பா மாமாவைப் பார்த்தார். அம்மா குழியருகே கிடந்த சரளைக் குவியலின் மேல் சாக்கை விரித்துச் சாவகாசமாக உட்கார்ந்தாள். "வெசிகிளி வலக், மாத்தயா" என்றாள். கக்கூஸ் குழி என்றதும் அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவர் வளைவில் மறைந்ததும் அம்மா எழுந்து மாமாவின் உள்ளங்கையிலிருந்த கல்லை எடுத்தாள். குழிக்குள் போட்டாள். மம்பட்டியை எடுத்து மண்ணைத் தள்ளத் தொடங்கினாள்.

"ஒரு கூடை மட்டும் பாத்துருவோமே" என்றார் அப்பா. அவர் கெஞ்சி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

"எங்களுக்கு வீடு கட்டத்தான் எடம் குடுத்தாங்க. மூடுங்க."

மூன்று நாள் வேலையை இரண்டு மணி நேரத்தில் மூடினார்கள். மேலே இருபது அடி தள்ளி, கல்லுத் தரையில், புதுக் குழிக்கு அம்மாவே கோடு கிழித்தாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. இவ்வளவு பெரிய அதிசயத்தைக் கண்ணால் கண்டும் மண்ணைப் போட்டு மூடுகிற அம்மா, உலகத்திலேயே இவள் ஒருத்திதான் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குத் திரும்பியதும், கை கால் கழுவாமலே அம்மா அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினாள். அது சிங்களத்தில் இருந்தது. அம்மா சிங்களம் பேசுவாளே தவிர வாசிக்கமாட்டாள். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். முதலில் அவளுடைய பெயர், அதற்குக் கீழே அப்பாவின் பெயர், பிறகு காணியின் இலக்கம்.

"இன்னொருக்கா வாசி" என்றாள்.

வாசித்தேன். "இன்னொருக்கா" என்றாள். நான்காவது தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குச் சிங்களம் ஒழுங்காக வருகிறதா என்று சோதிக்கிறாள் என்றே நினைத்தேன். அதனால் அடுத்த தடவை, ஓர் எழுத்தும் பிசகாமல், பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தேன்.