முடிந்த பிறகும் வந்த அத்தியாயங்கள்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் கொஞ்ச காலம், திருப்பூரில் கொஞ்ச காலம், பிறகு நெல் அறுவடை மிஷினில் உதவியாள். உப்பளத்தில் கால் வெடித்தது. பனியன் கம்பெனியில் மூச்சு அடைத்தது. மிஷினில் தூசியும் உடம்பை அரிக்கும் நெல் சுணையும் மட்டும்தான். ஊர் ஊராகப் போகலாம் என்பதால் அந்த வேலை எனக்கு ஒத்துவந்தது.

ஒரு தை மாதம் சம்பா அறுவடைக்கு வலங்கைமான் போனோம். போன மறுநாளே மழை. கதிர் சாய்ந்து வயலில் தண்ணீர் நின்றது. மிஷினை இறக்கினால் புதைந்துவிடும். போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடிக் கிளை நூலகத்துக்குள் நுழைந்தேன். அங்கே தற்காலிக வேலையில் ஒரு பெண் இருந்தாள்.

"சார்ஜ் போட்டுக்கங்க. ஆனா எதையாவது கையில வச்சுக்கிட்டு உட்காருங்க. யாராவது கேட்டா வாசகர்னு சொல்லணும்ல" என்று ஒரு தடித்த நாவலை நீட்டினாள்.

மந்திர நாவல். அதில் வரும் பெண் சொல்கிற கதையெல்லாம் நடந்துவிடும். மழைக் கதை சொன்னால் மழை பெய்யும். ஆனால் தன்னைப் பற்றி மட்டும் அவள் கதை சொல்லக் கூடாது. சொன்னால் குரல் போய்விடும். அவள் வாயைக் காவல் காக்க அரசன் ஒரு வீரனை வைக்கிறான். இருவருக்கும் பிடித்துப்போகிறது. ஆனாலும் நான் படித்தவரை அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பதைத் தவிர அவன் எதுவும் செய்வதில்லை.

நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவன். வயல் காய்ந்து வேலை தொடங்கியபோது கால்வாசிகூடத் தாண்டவில்லை. அடுத்த ஊருக்குக் கிளம்பும் முன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"மீதியை நான் படிச்சு வாய்ஸ் மெசேஜ்ல அனுப்புறேன். நம்பர் சொல்லுங்க" என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்கு இன்ஜினை நிறுத்தியதும் வரப்பில் உட்கார்ந்து கேட்பேன். மிஷின் டிரைவர் அண்ணன் கேலி செய்யாமல் விடமாட்டார்.

"தினமும் என்னடா சொற்பொழிவு? எந்தக் கோயில்?"

"நாவல்ணே."

"அந்தக் காவல்காரன் அவ கையைப் புடிச்சானா இல்லையா?"

"இன்னும் இல்லண்ணே."

"வெளங்கிரும்!"

ஆனால் அவரும் சோற்றுத் தூக்கோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

போகப்போகக் கதையில் வீரனுடைய இரும்புத் தேர் சேற்றில் புதைந்தது. அரண்மனை வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. இதை எழுதியவர் நம்ம டெல்டாக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவரும் ஆமாம் என்றார்.

மாசியில் அறுவடை ஓயத் தொடங்கியது. அடுத்து மிஷின் ஆந்திராவுக்குப் போகும். எனக்கு ஒரே கவலை. கதை முடிந்தால் அவள் குரல் வருவது நின்றுவிடும். அதன்பின் அவளிடம் பேச எனக்கு என்ன காரணம் இருக்கிறது?

உதிரிப் பாகம் வாங்கத் திருவாரூர் போனபோது, பழைய புத்தகக் கடையில் அதே நாவல் கிடந்தது. இன்னும் எவ்வளவு பாக்கி என்று பார்க்கக் கடைசிப் பக்கங்களைத் திருப்பினேன். நாவலின் பெண் தன் கதையைச் சொல்லிக் குரலை இழக்கிறாள். வீரன் கடல் தாண்டிப் போய்விடுகிறான். அவ்வளவுதான். முன்பக்கங்களையும் புரட்டித் தேடினேன்; இரும்புத் தேரும் இல்லை, ஆகாயத்தாமரையும் இல்லை. எனக்கு வந்த கதையிலோ வீரன் கடற்கரைவரை போய், கப்பல் ஏறாமல் திரும்பிவந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. பாவம் பார்த்துத் தானே இட்டுக்கட்டிச் சொல்கிறாளா? எழுத்துக் கூட்டிப் படிப்பவன்தானே என்று விளையாடுகிறாளா? மறுநாள் அண்ணனிடம் சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் வலங்கைமான் போனேன். நூலகத்தில் வேறு யாரும் இல்லை. புத்தகத்தை மேஜையில் வைத்தேன்.

அவள் முகம் சிவந்தது. "முடிவைப் படிச்சிட்டீங்களா?"

"படிச்சேங்க."

"எனக்கு அந்த முடிவு பிடிக்கல."

"அதுக்காகவா இவ்வளவு நாள்?"

"அதுக்காக ஒரு நாள் மாத்தினேன். மத்ததெல்லாம்..." பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "கதை முடிஞ்சிட்டா நீங்க அப்படியே போயிடுவீங்கன்னு நினைச்சேன்."

"நானும் அதுக்குத்தாங்க பயந்தேன்."

நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அப்ப எங்கம்மாகிட்ட நீங்களே வந்து பேசுங்க. அதுக்கெல்லாம் நான் கதை சொல்ல மாட்டேன்."

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா ஊர், குடும்பம் எல்லாம் விசாரித்துவிட்டு, "மிஷின் ஓடாத மாசத்துல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"கிடைச்ச வேலைங்க."

"சரி, ஆந்திரா போயிட்டு வந்ததும் உங்க வீட்டுல பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

தெருவுக்கு வந்த பிறகுதான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பஸ் ஸ்டாண்ட் கடையில் உட்கார்ந்து இட்லி கேட்டேன். பரிமாறியவர் போதுமா என்று கேட்கும்போதெல்லாம் இன்னும் வைக்கச் சொன்னேன்.