பூட்டிய கதவுக்கு முன்னால் பூசை

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்த நாளிலிருந்து, ஜெயபுரத்தில் எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு நான்தான் விளக்கு வைத்தேன். இரண்டு வருடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது அது தகரக் கொட்டில். தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே குடியேறியபோது தாத்தா சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த கல்தான் அம்மன். தாத்தாவுக்குப் பிறகு அப்பா பூசாரி. அவருக்குப் பிறகு நான். பிள்ளைகளுக்கு அம்மை போட்டால் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் கேட்டு என்னிடம்தான் வந்தார்கள்.

கோயிலைச் சீமெந்தில் கட்டிக் கும்பாபிஷேகமும் முடிந்த பிறகுதான், நான் பெண் என்பது கோயில் பரிபாலன சபையின் கண்ணில் பட்டது.

சபைத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "பிள்ளை, கோவிக்காதேங்கோ. இனிக் கிளிநொச்சியிலயிருந்து ஐயர் வருவார். பொம்பிளையள் மூலஸ்தானத்துக்குள்ள போறது சரியில்லை. உங்கட குடும்பத்தின்ர தொண்டு அப்பாவோட நிறைவா முடிஞ்சுதெண்டு வைப்பம்."

"ஆர் முடிச்சது?" என்று கேட்டேன். "உங்கட பேத்திக்கு அம்மாள் வருத்தம் வந்த நேரம் திருநீறு போட்டது நான்தானே ஐயா. அப்ப நான் பொம்பிளை இல்லையோ?"

கொடுத்த தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்.

அவரைவிட அப்பாதான் என்னை நோகடித்தார். "அவுங்க சொல்றது சரிதாம்மா. நெளுக்குளத்துல தம்பி மவன் இருக்கான். அவன்கிட்ட கேட்டுப் பாப்போம்" என்றார், கட்டிலில் கிடந்தபடி. லொறி ஓட்டும் அந்தச் சித்தப்பா மகனை அங்கேயே போனில் பிடித்து, அப்பாவின் காதருகே வைத்தேன். "எனக்கு இதெல்லாம் சரிவராது பெரியப்பா. அக்காதானே நல்லா செய்யிறா" என்றான். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை போனால் கோயில் கதவில் புதுப் பூட்டு. நான் திரும்பவில்லை. படியைக் கழுவிக் கோலம் போட்டு, வாசலிலேயே விளக்கை வைத்தேன். வயலுக்குப் போன இரண்டு பெண்கள் சைக்கிளை நிறுத்திக் கும்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஆறேழு பேர் வந்தார்கள்.

மூன்றாவது வாரம் ஆட்டோவில் அப்பாவே வந்து இறங்கினார். "கதிரை ஒண்ணு போடும்மா" என்றார். கற்பூரம் காட்டி முடித்ததும் எல்லாருக்கும் முன்னால் நெற்றியை என் பக்கம் நீட்டினார். பூசிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு அடுத்தவரிடம் போனேன்.

அதன் பிறகு சபை இறங்கி வந்தது. திருவிழாவுக்கு ஐயர், செவ்வாய் வெள்ளிக்கு நான். ஆனால் மூலஸ்தானத்துக்குள் போகக் கூடாதாம்.

"அப்ப பூட்டு அப்பிடியே கிடக்கட்டும். நான் வாசல்லயே செய்யிறன்" என்றேன்.

செய்தேன். ஒரு மாதம் கழித்துச் சபைச் செயலாளர் பூட்டின் திறப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு, முகம் பாராமல் போனார். அன்றே கதவைத் திறந்து உள்ளே போனேன். இன்றும் போகிறேன்.

தலைவர் இன்னும் என் கையால் திருநீறு வாங்குவதில்லை. அது அவர் பாடு. என் மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். எனக்குப் பிறகு விளக்கு வைப்பதா, வேண்டாமா என்பதை அவள் தீர்மானிக்கட்டும். அந்தக் கேள்வியை அவளிடம் கேட்காமல் யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்க நான் விடமாட்டேன்.