மழையில் எடுக்காத வண்டி

ழில்பேர் விற்ற காரில் மீன் வளர்க்கலாம் என்று மார்க்கெட்டில் யாரோ சொன்னார்களாம். மீன் வாங்கப் போன ழானெத் அதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து சொன்னபோது ழில்பேர் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்து நுரையோடு அப்படியே கூடத்துக்கு வந்துவிட்டார்.

"யாரு சொன்னது?"

"யாரோ. கூட்டத்துல தெரியல. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்தங்க சொல்றது? கொடுவா என்ன விலைன்னு கேட்டேன்."

அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிய புருஷனை நாலு பேர் நடுவில் ஏமாற்றுக்காரன் என்று சொல்கிறார்கள், இவள் கொடுவா விலை கேட்டாளாம்! வாங்கியும் வந்திருக்கிறாள். மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் பயம் இல்லை என்பார்கள். பயம் இல்லைதான். ஆனால் கோபம் வரக்கூடாது என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லையே.

காரைக்கால் பக்கம் தருமபுரத்தில் அவர் வீட்டுக்குச் 'சொல்தா வீடு' என்று பெயர். பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இந்த ஊர் அப்படித்தான் சொல்லும். படை என்றதும் துப்பாக்கி, பீரங்கி என்று யாரும் கற்பனை செய்ய வேண்டாம். ழில்பேர் அங்கே சுட்டதெல்லாம் ரொட்டியும் கோழியும்தான். முகாம் சமையலறையில் இளமை முழுவதையும் கழித்தவர். கழுவி வைத்த தட்டில் ஒரு பொட்டு எண்ணெய் தெரிந்தாலும் அடுக்கு முழுவதையும் மறுபடி கழுவ வைக்கிற அதிகாரிகளிடம் வேலை பார்த்தவர். அந்தப் பழக்கம் ஊருக்கு வந்தும் போகவில்லை. ழானெத் கழுவிய டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். அந்த அம்மாள் இத்தனை வருஷமாக அதைச் சகித்துக்கொண்டிருப்பதற்கே தனியாக ஒரு பென்ஷன் கொடுக்கலாம்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு கார் வாங்கினார். வெள்ளி நிறத்தில் சின்ன வண்டி. அதற்கென்று தகரக் கொட்டகை, மேலே துணி உறை, சீட்டுகளுக்கு பிளாஸ்டிக் உறை. தினமும் காலையில் மஞ்சள் துணியால் துடைப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வர, எப்போதாவது பாண்டிச்சேரி போய்வர, அவ்வளவுதான் ஓட்டம். வானம் கொஞ்சம் இருட்டினால் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பிவிடுவார். காருக்குப் பல் தேய்த்துவிடுவதுதான் பாக்கி என்று தெருவில் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டார்.

பிறகு கண்ணில் புரை விழுந்தது. அறுவை செய்த பின்னும் எதிரே வருகிற வண்டியின் விளக்கு வெளிச்சம் கண்ணெல்லாம் பரவிக் கூசியது. பிரான்சில் இருக்கும் மகன் பாட்ரிக், "போதும்ப்பா, வித்துடுங்க" என்று போனில் ஒரே பிடியாக நின்றான். தரகர்கள் வந்தார்கள். ழில்பேர் யாருக்கும் தரவில்லை. எதிர்வீட்டுத் தெட்சிணாமூர்த்திக்குத்தான் கொடுத்தார். காரணம் வேறொன்றும் இல்லை, வண்டி கண்ணெதிரே நிற்கும்.

தெட்சிணாமூர்த்தி அம்பகரத்தூர்க்காரர். காரைக்காலில் அரசாங்க வேலை, ஊரில் நாலு மா நிலம். குடிவந்த நாள் முதல் ழில்பேரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். அவர் மனைவி சொர்ணாம்பாளும் அப்படியே. கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து கேக் போகும்; பொங்கலுக்கு அங்கிருந்து வெண்கலப் பானையோடு சர்க்கரைப் பொங்கல் வரும். ழானெத் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவள் சொர்ணாம்பாள். கூடப் பிறந்தது ஒன்றுகூட இல்லாத ழில்பேருக்கு அந்த 'அண்ணே' சும்மா ஒரு சொல் அல்ல.

ஆவணியில் நல்ல நாள் பார்த்துச் சாவியைக் கொடுக்கும்போது ழில்பேர் தெட்சிணாமூர்த்தியின் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "உள்ள ஒரு சொட்டுத் தண்ணி வந்ததில்ல. துரு கிடையாது. என் பேச்ச நம்பி எடுத்துக்க."

ஐப்பசி பிறந்தது. டெல்டாவில் ஐப்பசி மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விடாமல் கொட்டியது. தெட்சிணாமூர்த்தி வீட்டில் கொட்டகை கிடையாது. கார் தெருவிலேயே நனைந்துகொண்டு நின்றது.

முதல்முறை அவர் தயங்கித் தயங்கித்தான் வந்தார். "அண்ணே, முன்பக்கம் இடது சீட்டுக்குக் கீழ ஈரமா இருக்குண்ணே."

"கண்ணாடிய ஏத்தாம விட்டிருப்பே."

இரண்டாம் முறை வந்தபோது கால்மிதி மிதக்கிறது என்றார். "ஏசி தண்ணியா இருக்கும்" என்று ழில்பேர் அனுப்பிவிட்டார். மனசுக்குள், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், ஒழுங்காகக் கதவைச் சாத்தத் தெரியாதவனுக்கு வண்டியில் குறை என்று நினைத்துக்கொண்டார். தெட்சிணாமூர்த்தி மெக்கானிக்குகளிடம் போனார். ஒருவர் கதவு ரப்பரை மாற்றினார். இன்னொருவர் ஏசி குழாயை ஊதிப் பார்த்தார். தண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. தரைவிரிப்பு ஊறிப்போய் உள்ளே ஊசின சோற்று நாற்றம். ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் சொர்ணாம்பாள், பட்டுப்புடவைக் கரை நனைந்து, குமட்டல் தாங்காமல் பாதி வழியில் இறங்கி வாந்தி எடுத்தாள். மூன்றாவது மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்காமல் தீர்ப்புச் சொன்னார்: "வெள்ளத்துல நின்ன வண்டி சார் இது. தேச்சு மெழுகி உங்க தலையில கட்டிட்டாங்க."

அன்று சாயங்காலம் தெட்சிணாமூர்த்தி தெருவில் நின்று கேட்டார்: "உள்ளதச் சொல்லுங்க சார். வண்டி எப்பவாவது வெள்ளத்துல நின்னுச்சா?"

சார்!

ழில்பேர் விறுவிறுவென்று திரும்பி நடந்தார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் சத்தம் போட்டார். "யாரோ ஒருத்தன் வாயில வந்ததச் சொல்லுவான், அது வேதவாக்கு. எம் பேச்சு குப்பையா? ஏமாத்தணும்னா எதிர்வீட்டுக்காரன்தான் கெடச்சானா? எங்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு சொட்டு வரல!"

ழானெத் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள்: "மழையில எடுத்தாத்தானேங்க வரும்."

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தெட்சிணாமூர்த்தி தெருவில் கேட்டது எட்டுக்கால் முளைத்துக் கிளம்பிவிட்டது. ஊர்வாயை மூட உலைமூடியா இருக்கிறது? கோயில் வாசலில் ஒருவர், "என்ன, வண்டிய நல்லா தள்ளிவிட்டுட்டீங்களாமே" என்று கண்ணடித்தார். பாராட்டாம் அது! எச்சில் தட்டை எடுத்துக் கையில் கொடுத்து விருது என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கடைசியில் மீன் மார்க்கெட் வரைக்கும் வந்துவிட்டது.

ழில்பேர் மீதி முகத்தைச் சவரம் செய்யவில்லை. துண்டால் நுரையைத் துடைத்தார். டார்ச்சையும் ஸ்குரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஒரு கன்னம் வழவழவென்றும் மறு கன்னம் வெள்ளை முள்ளாகவும் வந்து நின்றவரைப் பார்த்து சொர்ணாம்பாள் பயந்துபோய்ப் புருஷனைக் கூப்பிட்டாள்.

"தோட்டத்துக் குழாயில ஓஸ் மாட்டு" என்றார் ழில்பேர்.

"எதுக்கு சார்?"

"நான் உள்ள உக்கார்றேன். நீ தண்ணி அடி. எங்கேருந்து வருதுன்னு இன்னிக்குப் பாத்துடுவோம்."

"மெக்கானிக்குங்களுக்கே தெரியலங்க சார்…"

"நோன்! நோன்னா நோன்." கோபம் வந்தால் 'இல்லை' என்பதுகூட அவருக்குப் பிரெஞ்சில்தான் வரும். "நீ அடிய்யா."

உள்ளே நாற்றம் மூக்கைத் துளைத்தது. தான் மஞ்சள் துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி. ழில்பேருக்குக் கண் கலங்கியது. அதுவும் கோபத்தால்தான் என்று வைத்துக்கொண்டார். விரிப்பைத் தூக்கி மடித்துவிட்டு, செருப்பைக் கழற்றி வெறுங்காலை வைத்தார். தெட்சிணாமூர்த்தி கூரை மேல் தண்ணீர் அடித்தார். உள்ளே ஒன்றும் இல்லை. கதவு ஓரமாக அடித்தார். இல்லை. முன்கண்ணாடி மேல் அடித்தார். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஜில்லென்று ஒரு சொட்டு அவர் கால் மேல் விழுந்தது. அடுத்து இன்னொன்று. அப்புறம் நூல் பிடித்த மாதிரி வழிந்தது.

"மேலேருந்து வருது!" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்து குதித்தார். "வெள்ளமாம் வெள்ளம்! வெள்ளம் மேலேருந்தா வரும்?"

பானெட்டைத் தூக்கினார்கள். கண்ணாடியின் அடியில், வைப்பருக்குக் கீழே, கறுப்பு பிளாஸ்டிக்கில் நீளமாக ஒரு சல்லடைத் தட்டு இருக்கும். கண்ணாடியில் வழிகிற மழை அதற்குள் இறங்கி, அடியில் இருக்கிற தொட்டியில் ஓடி, ஓரத்துத் துளை வழியாகச் சக்கரத்துப் பக்கம் வெளியேற வேண்டும். அந்தச் சல்லடைக் கண்களில் காய்ந்த சாமந்தி இதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது என்ன?"

சொர்ணாம்பாள் முன்னால் வந்தாள். "அம்மன் கோயில் பூங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறப்ப குருக்கள் தருவாரு, கொஞ்சம் வேப்பிலையும். வண்டியில வைப்போம்."

"பழசை என்ன பண்ணுவீங்க?"

அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் தரையைப் பார்த்தார். சாமி பூவைக் கால் படுகிற இடத்தில் போடக்கூடாது. ஆற்றில் விடலாம் என்றால் வாராவாரம் யார் போவது? அதனால் புதுப்பூ வந்ததும் பழைய பூவைப் பத்திரமாக அந்தச் சல்லடை ஓரத்து இடுக்கில் செருகிவிடுவாராம் தெட்சிணாமூர்த்தி. யார் காலும் படாத இடம்.

ழில்பேர் ஸ்குரூவைக் கழற்றித் தட்டைத் தூக்கினார். அடியில் தொட்டி நிறையத் தண்ணீர், கறுத்த குழம்பு மாதிரி. காருக்குள் காற்றை இழுக்கிற வாய் பக்கத்திலேயே இருந்தது. தண்ணீர் அதன் விளிம்பைத் தொட்டு நின்றது. கையை விட்டு அள்ளினார். சாமந்தி, அரளி, வேப்பிலை, வாழைநார் எல்லாம் அழுகிக் கூழாக வந்தன.

"வுவாலா! இதோ பாரு!" என்றார். "ரப்பர் மாத்துனே. குழாய ஊதுனே. கடைசியில என் மானத்தையும் ஊதிவிட்டே. ஒரு வார்த்த, 'அண்ணே வாங்க, சேந்து பாப்போம்'னு ஒரு வார்த்த கூப்புட்டியாய்யா? எவனோ திறந்துகூடப் பாக்காம சொன்னத நம்புனே. உன் வீட்டு வாசல்ல இத்தன வருஷம் நிக்கிற என்னைய நம்பல. ழானெத் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நீங்க கொண்டாந்த ரசத்த நான் இன்னும் மறக்கல. நீங்க என்னைய ஒரே மழையில மறந்துட்டீங்க!"

தெருவில் இரண்டு மூன்று வீட்டு ஜன்னல்கள் திறந்தன. திறக்கட்டும், நன்றாகக் கேட்கட்டும் என்றிருந்தது அவருக்கு. ழானெத் இதற்குள் எதிர்வாசலில் வந்து நின்றிருந்தாள். சொர்ணாம்பாள் அழுதுவிட்டாள். ஒரு பழைய துண்டைக் கொண்டுவந்து விரித்து, அழுகிய பூவை அதில் வாரி வைக்க ஆரம்பித்தாள். தெட்சிணாமூர்த்தியும் குனிந்து கூட வாரினார்.

தண்ணீர் மட்டும் இன்னும் இறங்கவில்லை. ழில்பேர் மூலைத் துளைக்குள் விரலை விட்டார். பூ அல்லாத ஏதோ ஒன்று குறுக்கே கிடந்தது. கெட்டியாக, நாராக. நகத்தால் நெம்பி இழுத்தார். களக் என்று சத்தம் போட்டுக்கொண்டு தொட்டித் தண்ணீர் முழுவதும் சக்கரத்துப் பக்கம் கொட்டியது.

கையில் வந்ததைப் பெருவிரலால் துடைத்தார். மடித்துப் பின்னிய ஓலை. சின்னச் சிலுவை.

குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தருகிற குருத்தோலையைத் தன் கையாலேயே சிலுவையாகப் பின்னி, வைப்பருக்கு அடியில் செருகி வைப்பது அவர் வழக்கம். மறுவருஷம் சாம்பல் புதனுக்கு முன்னால் பழைய ஓலையைக் கோயிலில் சேர்க்க வேண்டும், எரித்துச் சாம்பலாக்க. ஒரு வருஷம் அது காணாமல் போனது. நீதான் குப்பையில் கூட்டித் தள்ளிவிட்டாய் என்று ழானெத்தைப் போட்டு வறுத்து எடுத்திருந்தார். அது இங்கே, துளையின் வாயில் கிடந்திருக்கிறது. பூவெல்லாம் இதன் மேல் வந்து தங்கியதுதான். ஓலைக்குக் கீழே துளையில் ஒரு இதழ்கூட இல்லை.

மழையில் எடுத்தால்தானே வரும் என்று ழானெத் சொன்னது இப்போதுதான் காதில் ஏறியது.

அவர் விரல்களை மூடிக்கொண்டார். புருஷனும் பெண்டாட்டியும் குனிந்து துண்டை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. ஓலைச் சிலுவை உள்ளங்கையில் உறுத்தியது. இத்தனை பேச்சுப் பேசியாகிவிட்டது, ஜன்னல்களெல்லாம் கேட்டாகிவிட்டது. எதன் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லாவற்றின் மேலும் கோபம் வந்தது: ஓலை மேல், மழை மேல், எதிர்வாசலிலிருந்து தன் மூடிய கையையே பார்த்துக்கொண்டு நிற்கிற ழானெத் மேல்.

தெட்சிணாமூர்த்தி நிமிர்ந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"அண்ணே" என்றார். "தப்புப் பண்ணிட்டேண்ணே."

எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு! ழில்பேருக்கு நெஞ்சு இளகிவிடும் போலிருந்தது. ஓலையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சும்மா தலையை ஆட்டினால் போதும். தேடி வந்தது கிடைத்துவிட்டது.

"அண்ணேன்னு அப்புறமா கூப்புடு" என்றார் எரிச்சலோடு. "மொதல்ல இதப் பாரு."

கையை விரித்து நீட்டினார்.