வத்தலை வைத்துப் பார்த்து வாங்கிய மெஷின்

ராமநாதபுரத்தில் நானும் என் கணவரும் ஃபிளெக்ஸ் பேனர் அச்சிடும் கடை வைத்திருக்கிறோம். காதுகுத்து, கல்யாணம், கந்தூரி, முளைப்பாரி, கட்சிக் கூட்டம் என்று இங்கே பேனர் இல்லாமல் ஒரு காரியமும் நடப்பதில்லை. கடை திறந்த நாளிலிருந்து ஓடிய பிரிண்டர் சால்வெண்ட் மையில் அடிப்பது. பெயிண்ட் போலக் காட்டமான வாடை. உள்ளே வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், எங்களுக்குப் பழகிவிட்டது. கணவருக்கு மட்டும் வறட்டு இருமல் விடாமல் இருந்தது. கமுதிப் பக்கத்து ஆள். கடற்காற்று தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்.

அந்த மெஷினில் மை அடைத்து, கறுப்பு விழ வேண்டிய இடத்தில் வெள்ளைக் கோடு விழ ஆரம்பித்தது. புதிது வாங்குவது என்று முடிவானது. அதே வகையில் இன்னும் பெரிதாக, வேகமாக ஓடுவதை வாங்கலாம் என்றார் கணவர். எனக்கும் மறுப்பில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து என் கொழுந்தன் வந்தார். மிளகாய் விவசாயம் அவருக்கு. கையிலிருந்த பையை என்னிடம் நீட்டினார்.

“மதினி, இதை மோந்து பாருங்க.”

உள்ளே குண்டு வத்தல், நல்ல நிறத்தில். முகர்ந்து பார்த்தேன். “வத்தல் வாடைதான் வருது” என்றேன்.

“உங்களுக்கு எங்க தெரியப்போகுது? இந்த மைக்குள்ளயே கெடக்கீங்க. கமிஷன் கடைக்காரரு மூட்டைய அவுத்ததுமே, என்னய்யா பெயிண்டு வாடை அடிக்குதுன்னு தள்ளி வச்சிட்டாரு.”

சரியாக அச்சாகாத ஃபிளெக்ஸைக் கடை மூலையில் போட்டு வைப்போம். போன தடவை வந்தவர் அதில் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு போய், விரித்து, மேலே வத்தலைக் காயப்போட்டிருக்கிறார். சண்டைக்கு வரவில்லை, என்ன காரணம் என்று கேட்கத்தான் வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார். ஆனால் ஊரான் ஒருவன் மூட்டையை அவிழ்த்ததுமே கண்டுபிடித்த வாடை என் மூக்குக்கு எட்டவில்லை என்பது எனக்கு உறுத்தலாக இருந்தது.

மெஷின் பார்க்க மதுரைக்குப் போனோம். ஷோரூமில் இருந்தவர் பொறுமையாகக் காட்டினார். எக்கோ சால்வெண்ட் என்று ஒன்று, வாடை குறைவு என்றார். லேட்டக்ஸ் என்று இன்னொன்று. தண்ணீர் சேர்ந்த மை, மெஷினுக்குள்ளேயே சூட்டில் காய்ந்து வெளியே வருமாம். துணியிலும் காகிதத்திலும்கூட அடிக்கலாம். ஆனால் கரண்டு நிறைய இழுக்கும், வேகமும் குறைவு. இரண்டின் விளம்பரத் தாளிலும் ஒரே மாதிரிப் பச்சை இலை போட்டிருந்தது. இலையைப் பார்த்து எதை நம்புவது? ஒரே படத்தை இரண்டிலும் ஒரே ஃபிளெக்ஸில் அடித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

ஊர் திரும்பி, அதே படத்தை எங்கள் பழைய மெஷினிலும் அடித்தேன். மூன்றையும் மொட்டை மாடியில் தள்ளித் தள்ளி விரித்து, சந்தையில் வாங்கிய வத்தலை ஒவ்வொன்றிலும் பரப்பினேன். கணவர் படியேறி வந்து பார்த்தார்.

“வத்தல் காயப்போடவா மெஷின் வாங்குறோம்?”

“இருங்க, பாப்போம்.”

நன்றாக வெயில் குடித்த பிறகு, தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, கொழுந்தனை வரச் சொன்னேன். எது எதிலிருந்து வந்தது என்று சொல்லவில்லை. முதல் கிண்ணத்தை முகர்ந்ததுமே, “இதேதான், அன்னைக்கு அடிச்சது” என்று தள்ளிவிட்டார். அது பழைய மெஷின். இரண்டாவது எக்கோ சால்வெண்ட். “கொஞ்சம் கம்மி. ஆனா இருக்கு.” மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனவர் அடுக்கடுக்காகத் தும்மினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “லேசா ரப்பர் வாடை வருது. ஆனா வத்தல் வத்தலாத்தான் இருக்கு” என்றார். அது லேட்டக்ஸ்.

கணவர் அப்போதும் சமாதானமாகவில்லை. “ஷோரூம்காரன் வேகம் கம்மிங்கிறான், கரண்டு இழுக்கும்ங்கிறான். இவன் இனிமே பேனர்ல காயப்போடாம இருந்தாச் சரியாப் போச்சுல்ல?”

“அவரு காயப்போட மாட்டாரு. அந்த ரூமுக்குள்ள பகல் பூரா உக்காந்திருக்கது நாமதான? வத்தலுக்கு ஆகாதது உங்க நெஞ்சுக்கு மட்டும் ஆகுமா?”

பதில் சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது. கொழுந்தன் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினார். குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார். பிறகு, “அப்ப கரண்டு ஆபீஸ்ல மூணு பேஸ் லைனுக்கு எழுதிக் கொடுக்கணும்” என்றார்.

லேட்டக்ஸ் மெஷினைத்தான் வாங்கினோம். மை மாறியதே தவிர, ஃபிளெக்ஸ் அதே பிளாஸ்டிக்தான். அதனால் கேட்கிறவர்களிடமெல்லாம் துணியில் அடித்துத் தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். கட்சிக்காரர்கள் ராத்திரிக்குள் வேண்டும் என்று வேறு கடைக்குப் போனார்கள். திருப்பாலைக்குடியிலிருந்து புதுப் படகு இறக்குவதற்குப் பேனர் கேட்டு வந்தவர், துணியைத் தொட்டுப் பார்த்து, “இது மினுங்கலையே” என்று முகம் சுளித்தார். ஆனாலும் வாங்கிப் போனார். பிறகு தன் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கும் துணியிலேயே கேட்டு வந்தார்.

கணவரின் இருமல் ஒரேயடியாகப் போய்விடவில்லை, குறைந்திருக்கிறது. மெஷினுக்காக அந்த அறையில் ஏசி போட்டிருக்கிறோம். உச்சி வெயிலில் அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அங்கேதான் போய் உட்கார்கிறார். மெஷின் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, மறுபக்கம் நாங்கள் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறோம்.