இருட்டு கேட்ட சித்தப்பா

கரண்ட் போனால் திட்டுகிறவர்களை எனக்கு நிறையத் தெரியும். கரண்ட் போனதே தெரியவில்லை என்று திட்டிய ஒரே ஆள் என் சித்தப்பாதான்.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர். தேனியில் பெரிதாக ஒரு கல்யாண மண்டபம் கட்டி, கரண்ட் வேலை முழுவதையும் என்னிடம் கொடுத்தார். எலக்ட்ரிகல் படித்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கி, தோட்டத்து மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் மாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அதுதான் முதல் பெரிய வேலை.

"நல்லாச் செய்யித்தா. நம்ம பிள்ள கல்யாணத்துக்கு வர்ற பெரிய ஆளுக எல்லார்கிட்டயும், நீதான் இத பாத்தேன்னு நானே சொல்றேன்" என்றார். ரைஸ் மில், லாட்ஜ், நர்ஸிங் ஹோம் என்று கம்பம் வரைக்கும் எனக்கு வரப்போகும் வேலைகளை மனதுக்குள் வரிசை கட்டிவிட்டேன்.

உயிரைக் கொடுத்துச் செய்தேன். ஏசி, சமையல்கட்டு எல்லாவற்றுக்கும் ஜெனரேட்டர். அது உறுமிக் கிளம்பும் வரைக்கும் விளக்குகள் அணையாமல் தாங்க ஒரு பெரிய யுபிஎஸ். எங்கள் பக்கம் ஆனி மாதக் காற்றில் தென்னை மட்டை கம்பியில் விழாத நாள் கிடையாது. காட்டில் காற்றாலை சுற்ற ஆரம்பித்தால் வீட்டில் ஃபேன் நின்றுவிடும். ஆனால் மண்டபத்துக்குள் ஒரு பல்பு கண் சிமிட்டவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

சில கல்யாணங்கள் முடிந்ததும் சித்தப்பா கூப்பிட்டு அனுப்பினார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று சிரித்த முகமாகப் போனேன்.

"ஏத்தா, நேத்து முகூர்த்தத்துல கரண்டு போச்சாமே?"

"ரெண்டு தடவ போச்சு சித்தப்பா. யாருக்குமே தெரியல."

"அதத்தான் கேக்குறேன். கரண்டு போனதே தெரியலேன்னா, நான் ஜெனரேட்டர் வச்சிருக்கது எவனுக்குத் தெரியும்?"

ஊர்க் கோயிலுக்கு அவர் கொடுத்த டியூப்லைட்டில் 'உபயம்' என்று தன் பெயரை எழுதியது போக, வெளிச்சம் வர ஓரத்தில் கொஞ்சம்தான் இடம் விட்டிருப்பார். அவரிடம் போய், வெளியே தெரியாமல் இருப்பதுதான் நல்ல வேலைக்கு அழகு என்று விளக்கினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

சித்தப்பா மகள், என் தங்கையின் கல்யாணமும் ஆனியிலேயே வந்தது. மாப்பிள்ளை வீடு சின்னமனூர். முதல் நாள் சாயங்காலம் அவர்கள் சீர்த்தட்டுகளோடு வருகிற நேரம், சித்தப்பா வாசலில் நின்று கும்பிட்டபடியே ஒரு கண்ணை ஃபேன் மேல் வைத்திருந்தார். வெளியே காற்று மரங்களைப் பிடித்து ஆட்டுகிறது. கரண்ட் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"எல்லா நாளும் போற சனியன் இன்னைக்குன்னு போக மாட்டேங்குது. நீ போயி மெயின எறக்கு."

"எறக்குனாலும் தெரியாது சித்தப்பா. யுபிஎஸ் தாங்கும்."

"அதையும் அமத்து. கொஞ்சம் இருட்டாக் கெடக்கணும். சனம் 'அய்யய்யோ'ங்கணும். அப்பறம் குபீர்னு எரியணும். நாளைக்குத் தாலி கட்டுறப்ப இதெல்லாம் ஆகாது, இன்னைக்கே செஞ்சுரு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிட்டால், என்னைப் பற்றி அவர் சொல்வதாகச் சொன்ன அந்த நாலு வார்த்தை போய்விடும். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பேனல் ரூமுக்குப் போனேன். யுபிஎஸ்ஸை அணைத்தேன். மெயினை இறக்கினேன். ஜெனரேட்டர் தானாகக் கிளம்பிக்கொள்ளும் என்பதால், செல்போன் வெளிச்சத்தில் ஹாலுக்கு ஓடி வந்தேன்.

கும்மிருட்டு. மேளம் நின்றது. சனம் சொல்லிவைத்த மாதிரி "அய்யய்யோ" என்றது. கூடவே ஒரு தட்டு விழுகிற சத்தம். அது திட்டத்தில் இல்லை.

பிறகு சித்தப்பா கேட்ட மாதிரியே குபீரென்று எல்லாம் எரிந்தது. சீர்த்தட்டிலிருந்த பன்னீர் திராட்சை தரை முழுக்க உருண்டுகொண்டிருந்தது. அதன் நடுவில் மாப்பிள்ளையின் தாய்மாமன், பந்திக்கு உட்கார்ந்தவர் மாதிரி சம்மணம் போட்டிருந்தார். அடி ஒன்றும் இல்லை, வேட்டி மட்டும் கருநீலம்.

சித்தப்பா அவரைப் பார்க்கவே இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மா என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார். அந்த அம்மா நேராக மேடைக்குப் போய் என் தங்கையின் கன்னத்தைத் தடவிக்கொடுத்தார்.

"கவலப்படாதத்தா. நம்ம வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு. இனிமே நீ இருட்டுல கெடந்து கஷ்டப்பட வேணாம்."

சித்தப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அந்த அம்மா அவர் பக்கம் திரும்பி, உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"இம்புட்டுப் பெருசாக் கட்டிருக்கீகளே அண்ணே, கரண்டு வேலைய யாருகிட்டக் குடுத்தீக?"

ரைஸ் மில்காரர் திரும்பிப் பார்த்தார். கம்பத்து லாட்ஜ்காரர் திரும்பிப் பார்த்தார். திராட்சைக்கு நடுவிலிருந்து தாய்மாமனும் பார்த்தார்.

சித்தப்பா வாக்குத் தவறாத மனிதர். என் தோளைப் பிடித்து எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் நிறுத்தினார்.

"இவதான் பாத்தா" என்றார்.