கண்ணாடித் தண்டில் சுற்றிய காப்பு

அந்த விரதக் காப்பை அவர் யாருக்காகக் கட்டியிருந்தார்?

மூச்சிளைப்பு வந்த கைக்குழந்தையோடு தர்மபுரத்திலிருந்து வவுனியா ஆசுபத்திரிக்கு வாடகைக் காரில் போனேன். மெலிந்த சாரதி, கியர் மாற்றும்போதெல்லாம் மணிக்கட்டிலிருந்த காப்பு நூலைத் தொட்டுக்கொண்டார். கதவுக்கு வெளியே நீட்டிய பக்கக் கண்ணாடியின் தண்டில் காற்று விசிலடித்ததில் பிள்ளையின் மூச்சே எனக்குக் கேட்கவில்லை.

"அண்ணை, மூச்சு நிண்டிட்டுதோ தெரியேல்லை!"

காரை நிறுத்தியவர், நூலை அவிழ்த்துக் கண்ணாடித் தண்டில் இறுக்கிச் சுற்றினார்.

"ஐயோ, விரதக் காப்பெல்லோ? விரதம் முடியமுன்னம் அவிழ்க்கலாமோ?"

"இனி விசிலடிக்காது. நீங்கள் பிள்ளையின்ர மூச்சைக் கேட்டுக்கொண்டு வாங்கோ, தங்கச்சி."

வவுனியா வரை அந்தச் சின்ன இளைப்பு கேட்டுக்கொண்டே வந்தது. பிள்ளை பிழைத்தது. சாரதியை மறுபடி காணவில்லை. யாருக்காக விரதம் என்று அன்றே கேட்காதது என் பிழை. அவர் இடையில் விட்ட விரதத்தை நான் பிடித்து முடிக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.